வாளும் வாக்கும்

விதை நெல்லை உப்பு நீரில் இட்டுப் பார்ப்பது நம் உழவரும் அறிந்த முறைதான். மிதப்பது பதர், அமிழ்வது மணி. இந்த நல்ல முறையை, இடையிலே வாள் தொங்க வந்த காவலரைக் கொண்டு மிரட்டிப் பின்பற்றச் செய்த நாடு ஒன்று உண்டு. ஜப்பான்! மெய்ஜி மன்னர் ஆட்சியின் பிற்பகுதியில், நாற்றங்கால் நீளப் பாத்தியாக இருக்கிறதா, நடவு வரிசையாக இருக்கிறதா என்று வரப்பிலே நின்று கேட்டனர் காவலர். ‘வாள் வேளாண்மை’ என்று அதற்குப் பெயரே ஏற்பட்டுவிட்டது.

காவலருக்குக் கழனியிலே என்ன வேலை?

1881-ஆம் ஆண்டில் வேளாண்மைக்கும் வாணிபத்துக்குமாக ஓர் அமைச்சகம் அமைத்தது அந்த அரசு. அமைச்சகம் தோக்கியோவிலே, வயலோ ஊர்தோறும்! இடையிலே பாலம் வேண்டும். அதற்காகவே சங்கங்கள் பிறந்தன. 1899-இல் உழவர் கழகச் சட்டம். 1900-இல் கூட்டுறவுச் சட்டம். 1901-இல், கரையோரக் கடலின் உரிமையை மீனவர் சங்கங்களிடம் ஒப்படைத்த மீன்பிடிச் சட்டம். 1907-இல் காட்டுச் சங்கங்களுக்கு இடம் தந்த சட்டம். ஏட்டிலே பார்த்தால் எவ்வளவு அழகு!

ஆனால் உழவர் கழகத்தின் தலைமையில் அமர்ந்தவர் யார்? ஏர் பிடித்தவர் அல்லர், நிலக்கிழார். 1873-இல் வந்த நிலவரியை அவர் பணமாகச் செலுத்தினார். குத்தகைக் குடியிடமோ விளைச்சலில் ஏறத்தாழப் பாதியை நெல்லாகவே அளந்துகொண்டார். விளைச்சல் பெருகினால் அவர் களஞ்சியமும் பெருகும். சேற்றிலே நின்றவன் புதுமுறைக்குத் தயங்கியதில் வியப்பென்ன? அவனது அறியாமைதான் காரணம் என்றனர் அதிகாரிகள். கணக்குத் தெரிந்தவன் அவன் என்றே நாம் சொல்வோம்.

கடற்கரையிலும் இதே கதை. சங்கத்தின் பெயரில் உரிமை; ஆனால் பல ஊர்களில் வலையும் படகும் உடையவரின் கையிலே ஆட்சி. நம் கரையிலே சம்மாட்டி என்கிறோமே, அவரைப் போன்றவர்!

போர் வந்தது. 1943-இல் உழவர் கழகங்களும் கூட்டுறவுகளும் கட்டாயமாக ஒன்றாக்கப்பட்டன. தலைவரை அரசே நியமித்தது. நெல்லைத் திரட்டித் தருவதே அதன் தலையாய பணியாயிற்று. சங்கம் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது.

1945-இல் தோல்வி. அவ்வாண்டு திசம்பரில் நிலச்சீர்திருத்தம் செய்க என்று அமெரிக்கப் படைத் தலைமை ஆணையிட்டது. அயலாரின் துப்பாக்கி நிழலிலே வந்த சீர்திருத்தம் என்று இகழ்வாருண்டு. அது முழு உண்மையன்று. 1920-களிலிருந்தே குத்தகைக் குடிக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமென்று முயன்ற அதிகாரிகள் அமைச்சகத்துக்குள்ளேயே இருந்தனர். நிலக்கிழாரின் செல்வாக்குத்தான் அவர்களைத் தடுத்து வந்தது. படைத் தலைமையின் பக்கம் நின்று உழைத்தவர்களுள் உல்ஃப் லடிஜின்ஸ்கி குறிப்பிடத்தக்கவர். பின்னாளில் நம் தஞ்சைக்கும் வந்து குத்தகை நிலையை ஆராய்ந்தவர்.

1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் உயிர்நிலை ஊர் நிலக்குழுவிலே இருந்தது. குத்தகைக் குடிகள் 5 பேர். நிலக்கிழார் 3 பேர். சொந்த நிலத்தை உழுவோர் 2 பேர். ஒவ்வொரு பிரிவும் தன் ஆட்களைத் தானே தேர்ந்தது. 5, 3, 2! நேற்றுவரை நிலக்கிழாரின் வாசலிலே கைகட்டி நின்றவன், இன்று அவர் எதிரிலே அமர்ந்து எந்த நிலம் கொள்ளப்பட வேண்டும் என்று கணக்கெடுத்தான். 10,000-க்கு மேற்பட்ட குழுக்கள் இவ்வாறு இயங்கின. வெளியூரில் வாழ்ந்த நிலக்கிழாரின் குத்தகை நிலம் முழுவதும், உள்ளூராரிடம் சராசரி ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட குத்தகை நிலமும் அரசால் வாங்கப்பட்டு, உழுதவனுக்கே விற்கப்பட்டன. விலைவாசி ஏறிய வேகத்தில் அந்த விலை உழுதவனுக்குப் பெருஞ்சுமையாகவில்லை. விளைநிலத்தில் ஏறத்தாழ 46 விழுக்காடாக இருந்த குத்தகை, சில ஆண்டுகளில் 10 விழுக்காட்டளவுக்குச் சுருங்கியது.

மலைக்காடுகளைச் சீர்திருத்தம் தொடவில்லை. 1951-ஆம் ஆண்டுச் சட்டம் காட்டுச் சங்கத்தில் கட்டாய உறுப்பாண்மையை நீக்கியது; காடு உடையவரின் உடைமை அப்படியே நின்றது.

கடலில் மாறுதல் நேர்ந்தது. 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி பழைய மீன்பிடி உரிமைகளை அரசு ஈடு கொடுத்து முடித்துப் புதிதாகப் பகிர்ந்தது. பகிர்வை ஆராயும் கடற்பகுதிக் குழுக்களில் பெரும்பான்மையினரை மீனவரே வாக்களித்துத் தேர்ந்தனர். பிறர் படகில் கூலிக்குச் சென்றவருக்கும் அந்த வாக்கு உண்டு.

அந்த வாக்குக்கு நேர்ந்தது என்ன? நிலக்குழுவின் வழிவந்த வேளாண் குழுக்களுக்கு இருந்த தேர்தலை 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. பல ஊர்களில் போட்டியே இல்லை என்பது அரசு கூறிய காரணங்களுள் ஒன்று. போட்டி இல்லையென்றால் போட்டிக்கு வழி தேடலாமே, பெட்டியையே எடுத்துவிடுவதா என்று நாம் கேட்கிறோம். 2016 முதல் ஊராட்சித் தலைவர் மன்றத்தின் இசைவோடு உறுப்பினரை நியமிக்கிறார். 2018-இல் மீன்பிடிச் சட்டமும் திருத்தப்பட்டது. மீனவரிடையே எதிர்ப்பு எழுந்தது, சட்டம் நிறைவேறியது. 2020 திசம்பர் முதல் கடற்பகுதிக் குழுக்களிலும் தேர்தல் இல்லை. மாநில ஆளுநரே நியமிக்கிறார். வளர்ப்பு மீன் பாத்திகளுக்கான உரிமையில் உள்ளூர்ச் சங்கத்துக்குச் சட்டம் தந்திருந்த முதலிடமும் அதே திருத்தத்தில் நீக்கப்பட்டது.