கொதிகலன் புகைபோக்கி இடைவெளி (திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டி வட்டாரம்)

கொதிகலனின் அடுப்பிலிருந்து சூடான புகையை வெளியேற்றும் குழாய்க்கும், சுற்றியுள்ள கூரை, சுவர், சன்னல், குடியிருப்பு ஆகியவற்றுக்கும் இடையே விட வேண்டிய தூரம். ஆலைத் தொழிலாளர்கள் இக்குழாயைச் சிம்னி என்பர். இடைவெளிக்கு இரண்டு நோக்கங்கள் உண்டு. குழாயின் சூட்டால் பக்கத்துப் பொருள் தீப்பற்றக் கூடாது. குழாயின் வாயிலிருந்து வரும் புகை மனிதர் மூச்சில் சேரக் கூடாது.

வீட்டுப் பாய்லர்: குளிர்நாடுகளில் வீட்டையே சூடாக்கும் கொதிகலன் உண்டு. அங்கே அதன் புகைக்குழாய் வாய் சன்னலிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. பிரிட்டனில் விசிறி பொருத்திய எரிவாயுக் கொதிகலனுக்கு அது பொதுவாக 300. திருவள்ளூர் மாவட்டத்து வீடுகளில் பாய்லர் என்றால் குளிக்க வெந்நீர் போடும் செப்பு அல்லது பித்தளைப் பாய்லர்தான். உருளைப் பாத்திரத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு குழாய் ஓடும். அதில் கொட்டாங்கச்சியோ விறகுச் சிராயோ கரியோ போட்டு எரிப்பர்; சுற்றியுள்ள நீர் சூடேறும்; சாம்பல் அடித்தட்டில் விழும். நீர் ஊற்றாமல் பற்றவைத்தால் ஈயப்பற்று உருகிப் பாத்திரம் ஒழுகும். எரிபொருள் போகும் வழியே புகை வரும் வழியும் என்பதால், பொறியும் கரியும் குழாயின் வாயிலிருந்து நேரே மேலெழும். அதனால்தான் கீற்றுக் கூரைக்கும் வைக்கோல் போருக்கும் விலகி, கிணற்றடியிலோ கொல்லைப்புறத்திலோ அதை வைத்தனர். இந்த இடைவெளியை யாரும் அளந்து வைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் அது காக்கப்பட்டது. கொல்லை இல்லாத வீடுகளில் பாய்லரைக் குளியலறைக்குள் கொண்டுவந்தபோதுதான் ஆபத்து உள்ளே நுழைந்தது. மூடிய அறையில் எரியும் கரி கார்பன் மோனாக்சைடை வெளியிடுகிறது. அதற்கு நிறமோ மணமோ இல்லாததால் குளிப்பவர் அறியாமலே மயங்கிவிடுவார்.

சட்ட வரலாறு: கல்கத்தாவில் 1863இல் ஒரு கொதிகலன் வெடித்துப் பலர் இறந்தனர். மரண விசாரணையில் கொதிகலன்களைச் சோதிக்க வேண்டிய தேவை உணரப்பட்டு, 1864இல் வங்காளத்தில் முதல் சட்டம் வந்தது. பிற மாகாணங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத சட்டங்களை இயற்றின. 1920இல் அமைத்த குழு அவற்றை ஆராய்ந்தது. 1923ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டம் 1924 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 5 காலனுக்கு (22.75 லிட்டர்) மேல் கொள்ளும், அழுத்தத்தில் நீராவி உண்டாக்கும் மூடிய கலனே அதன்படி கொதிகலன், 2007 திருத்தத்தில் 25 லிட்டர் என்ற வரம்பு வந்தது. ஆகவே மேலே சொன்ன செப்புப் பாய்லர், பெயர் பாய்லராயினும், சட்டத்தின் கண்ணில் பாத்திரமே. 1950ஆம் ஆண்டின் கொதிகலன் ஒழுங்குமுறைகள் தகட்டின் கனம், பற்றுவைப்பு, பாதுகாப்பு வால்வு ஆகியவற்றை விரிவாக வகுக்கின்றன. 1923 சட்டத்தின் இடத்தில் 2025இல் புதிய சட்டம் வந்துள்ளது. இந்த வரிசை முழுவதும் வெடிப்பைப் பற்றியது. புகைக்கு வேறு வழி பிறந்தது: வங்காளத்தில் 1905லும் பம்பாயில் 1912லும் புகைத்தொல்லைச் சட்டங்கள், நாடு முழுமைக்கும் 1981இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைந்தது.

உயர விதி: ஆலைகளில் பக்கவாட்டு இடைவெளியின் வேலையை உயரமே செய்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதலில், மணிக்கு 2 டன்னுக்குக் குறைவாக நீராவி தரும் கொதிகலனுக்குப் புகைபோக்கி 9 மீட்டர் அல்லது பக்கத்துக் கட்டடத்தைப் போல் இரண்டரை மடங்கு, இவற்றில் எது அதிகமோ அது. 2 முதல் 5 டன் வரை 12 மீட்டர், 5 முதல் 10 வரை 15, 10 முதல் 15 வரை 18. இப்படி ஏறி 30 மீட்டரைத் தொடும். இரண்டரை மடங்குக்குக் காரணம் உண்டு. காற்று கட்டடத்தைத் தாண்டும்போது அதன் பின்புறம் சுழல் உண்டாகிறது. குட்டையான புகைபோக்கியின் புகை அச்சுழலில் சிக்கித் தரைக்கு இறங்குகிறது. கந்தக டை ஆக்சைடுக்கான வாய்ப்பாட்டில், அவ்வாயு மணிக்கு 10 கிலோ என்றால் உயரம் சுமார் 28 மீட்டர். 100 கிலோவுக்குச் சுமார் 56. வெளியேற்றம் பத்து மடங்கானாலும் உயரம் இரட்டிப்பதோடு நின்றுவிடுகிறது. டீசல் மின்னாக்கிக்கு வேறு கணக்கு: கட்டட உயரத்துடன், அதன் கே.வி.ஏ. திறனின் வர்க்கமூலத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும், 100 கே.வி.ஏ. என்றால் கூரைக்கு மேல் 2 மீட்டர்.

வட்டார நிலை: 1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனத்தின் கும்மிடிப்பூண்டி வளாகத்தில் இரும்பு உருக்காலைகளும் பிற ஆலைகளும் உள்ளன. புதுகும்மிடிப்பூண்டி, சிறுபுழல்பேட்டை, பெத்திக்குப்பம் ஆகிய ஊர்கள் அருகில். செங்குன்றத்து அரிசி ஆலைகளில் நெல் அவிக்க உமி எரிகிறது; உமிச்சாம்பல் எடை குறைந்ததாதலால் காற்று போகும் பக்கமெல்லாம் படியும். மார்கழி, தை அதிகாலைகளில் தரையோரக் குளிர்காற்றின் மேல் வெப்பக்காற்று மூடிபோல் நிற்க, புகை கலையாமல் தாழ்ந்தே கிடக்கும். உயரம் தூரத்துக்கு ஈடாகாது என்பதற்கு இக்காலமே சான்று. விதியிலும் ஒரு இடைவெளி இருக்கிறது. 7 மீட்டர் வீட்டருகே 17.5 மீட்டர் புகைபோக்கி போதும்; அவ்வீடு மாடி கட்டி 10 மீட்டரானால் 25 வேண்டும். சிம்னி மட்டும் பழைய உயரத்திலேயே நிற்கும். புதிய செங்கல் சூளைகளுக்கு 2022இல் மத்திய அரசு குடியிருப்பிலிருந்து 800 மீட்டர் என்று தூரத்தையே விதித்தது. கொதிகலன்களுக்கும் இந்த முறையே தகும்.

இன்று வீடுகளில் மின் கீசரும் எரிவாயு கீசரும் பரவிவிட்டன. எரிவாயு கீசரைக் குளியலறைக்கு வெளியே, திறந்த வெளியில் பொருத்தி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவருவதே பாதுகாப்பு.