வேர் நுனி அழற்சி

வேர் நுனி அழற்சி என்பது பல்லின் வேர்க்குழலுக்குள் குடியேறிய நுண்ணுயிர்களால், வேரின் நுனியைச் சுற்றியுள்ள இழையங்களிலும் தாடை எலும்பிலும் உண்டாகும் நோய் ஆகும். பற்சொத்தை, பல் உடைதல், அடிபடுதல் ஆகியவற்றால் பற்கூழ் இறந்துபோன பின்னர் இது தோன்றுகிறது. பல ஆண்டுகள் வலியின்றி நீடிக்கக்கூடியது என்பதால், வேறு காரணத்திற்காக எடுக்கப்படும் ஊடுகதிர்ப் படத்தில் தற்செயலாகக் கண்டறியப்படுவதும் உண்டு. வேர்க்குழல் சிகிச்சை மூலம் பல்லைக் காப்பாற்றலாம். இயலாதபோது பல் பிடுங்கப்படுகிறது.

நோய் உருவாகும் விதம்

பற்கூழ் என்பது பல்லின் நடுவே அமைந்துள்ள, குருதிக்குழல்களும் நரம்புகளும் கொண்ட மென்மையான இழையம் ஆகும். அது இறந்ததும் வேர்க்குழலுக்குள் குருதி ஓட்டம் நின்றுவிடுகிறது. ஆகவே உடலின் எதிர்ப்பு அணுக்களோ, உட்கொள்ளும் மருந்துகளோ அங்குள்ள பாக்டீரியாக்களைப் போதிய அளவில் சென்றடைவதில்லை. பாக்டீரியாக்களும் அவற்றின் நச்சுப்பொருள்களும் நுனித் துளை வழியே வெளியேறும்போது உடல் அவற்றைத் தடுக்க முனைகிறது. இதன் விளைவாக அருகிலுள்ள எலும்பு கரைகிறது. ஊடுகதிர்ப் படத்தில் வேர் நுனியில் காணப்படும் கருநிழல் இந்த எலும்பு இழப்பே ஆகும்.

காரணம் பற்றிய ஆய்வுகள்

செருமனியில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர், இறந்த பற்கூழில் பாக்டீரியாக்கள் இருப்பதை 1894 இல் விவரித்தார். எனினும் அவையே நோய்க்குக் காரணமா என்பது நெடுங்காலம் உறுதியாகவில்லை. இதற்கிடையே, 1910 இல் பிரித்தானிய மருத்துவர் வில்லியம் ஹன்டர் ஆற்றிய உரையைத் தொடர்ந்து, வாயிலுள்ள தொற்றே உடலின் பல நோய்களுக்கு மூலம் என்ற கருத்து பரவியது. போதிய சான்றின்றியே ஏராளமான பற்கள் பிடுங்கப்பட்டன.

1965 இல் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகியோர் எலிகளின் பற்கூழைத் திறந்து அப்படியே விட்டனர். சாதாரண எலிகளில் பற்கூழ் அழிந்து சீழ்க்கட்டி உண்டாயிற்று. நுண்ணுயிரே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளிலோ காயம் ஆறியது.

1976 இல் சுவீடனின் ஊமெயோ பல்கலைக்கழகத்தில் யோரான் சுந்த்க்விஸ்ட், அடிபட்டு இறந்த, ஆனால் வெளித்தோற்றத்தில் சிதையாத 32 மனிதப் பற்களை ஆராய்ந்தார். அவற்றுள் எலும்பு இழப்பு இருந்த 19 பற்களில் 18 இல் பாக்டீரியாக்கள் காணப்பட்டன. எலும்பு இழப்பு இல்லாதவற்றில் காணப்படவில்லை. பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை காற்றின்றி வாழ்பவை. பற்கூழ் இறந்தால் மட்டும் நோய் உண்டாவதில்லை, தொற்றும் வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று.

சிகிச்சை ஆய்வுகள்

அடுத்த வினா, வேர்க்குழலை எவ்வாறு தூய்மையாக்குவது என்பதாகும். பீஸ்ட்ரோம், சுந்த்க்விஸ்ட் ஆகியோர் 1981 இல் 17 பற்களை அரங்களால் தேய்த்து, உப்புநீரால் மட்டும் கழுவினர். பாக்டீரியாக்கள் பெருமளவு குறைந்தன. ஆயினும் ஏழு பற்களில் ஐந்து அமர்வுகளுக்குப் பின்னும் எஞ்சியிருந்தன. 1983 இல் 0.5% சோடியம் ஐப்போகுளோரைட்டுக் கரைசல் உப்புநீரை விடச் சிறந்த பலன் தந்தது. இன்றும் இதுவே முதன்மையான கழுவுநீர் ஆகும். அமர்வுகளுக்கு இடையே வேர்க்குழலில் கால்சியம் ஐதராக்சைடு வைக்கும் முறையும் இவ்வாய்வுகளால் பரவியது.

ஷோகிரென் குழுவினர் 1990 இல் வெளியிட்ட ஆய்வில், 356 நோயாளிகள் 8 முதல் 10 ஆண்டுகளுக்குப் பின்னர் பரிசோதிக்கப்பட்டனர். வெற்றி விகிதம் பின்வருமாறு இருந்தது:

* சிகிச்சைக்கு முன் எலும்பு இழப்பு இல்லாத பற்கள்: 96%
* பற்கூழ் இறந்து எலும்பு இழப்பு இருந்த பற்கள்: 86%
* எலும்பு இழப்புடன் மறுசிகிச்சை செய்யப்பட்ட பற்கள்: 62%

1997 இல் இதே குழுவினர் ஒற்றை வேருடைய 55 பற்களை ஒரே அமர்வில் அடைத்தனர். அடைக்கும் வேளையில் பாக்டீரியா கண்டறியப்படாத பற்களில் 94% குணமடைந்தன. கண்டறியப்பட்டவற்றில் 68% மட்டுமே குணமடைந்தன.

ஒரே அமர்வும் பல அமர்வுகளும்

ஒரே அமர்வில் முடிப்பதா, இடையில் மருந்து வைத்துப் பல அமர்வுகளில் முடிப்பதா என்பது நீண்டகால விவாதம் ஆகும். இது குறித்த சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வுகள், எலும்பு குணமடைவதில் இரண்டிற்கும் தெளிவான வேறுபாடு இருப்பதாகக் காட்டவில்லை.

குணமடைதலை மதிப்பிடல்

வலி நின்றுவிடுவது மட்டுமே குணமடைந்ததற்கு அடையாளம் அன்று. 1986 இல் ஓர்ஸ்டாவிக் குழுவினர் ஊடுகதிர்ப் படத்தை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் குறியீட்டை உருவாக்கினர். எலும்பு மீண்டும் வளர மாதங்கள் முதல் சில ஆண்டுகள் வரை ஆகலாம் என்பதால், தொடர் பரிசோதனை தேவைப்படுகிறது. முப்பரிமாணக் கூம்புக்கற்றை வரைவி, சாதாரணப் படத்தில் புலப்படாத எலும்பு இழப்பையும் காட்டக்கூடியது.

நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகள்

இம்மருந்துகளை உட்கொள்வதால் மட்டும் இந்நோய் நீங்குவதில்லை. பல்லுக்கு உடனடிச் சிகிச்சை கிடைக்கும் நிலையில், பெரும்பாலான பல்வலிகளுக்கு இவை தேவையில்லை என அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019 இல் வழிகாட்டியது. காய்ச்சல், பரவும் வீக்கம் போன்ற அறிகுறிகள் தோன்றினால் இவை அளிக்கப்படுகின்றன. அப்போதும் வேர்க்குழலிலுள்ள தொற்றை அகற்றுதல் இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்க

* பற்சொத்தை
* பற்கூழ்
* வேர்க்குழல் சிகிச்சை