வெங்காயக் கோபத்தில் பிறந்த சந்தை

1907-ஆம் ஆண்டுக் கோடையில் சியாட்டில் நகரத்துக் குடும்பங்கள் கொதித்துப்போயிருந்தன. ஒரே வருஷத்தில் வெங்காய விலை பத்து மடங்கு ஏறியிருந்தது. ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் காய்கறித் தோட்டங்கள். ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் எதிரே கடலில் தெரியும் தீவுகளிலும் வேண்டிய மட்டும் விளைந்தது. ஆனால் அடுப்படிக்கு வந்து சேரும்போது அது யானை விலை, குதிரை விலை. வெங்காயம் ஓர் ஆட்சியையே கவிழ்க்கும் என்பது 1998 டெல்லித் தேர்தலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சியாட்டிலில் அது ஆட்சியைத் தொடவில்லை, ஒரு சந்தையைத் திறக்கவைத்தது. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இன்றும் நடக்கும் பைக் பிளேஸ் சந்தைதான் அது.

விலை எங்கே ஏறியது என்பது ஊரறிந்த ரகசியம். கடற்கரையை ஒட்டிய வெஸ்டர்ன் அவென்யூவில் கமிஷன் மண்டிகள் வரிசையாக இருந்தன. விவசாயி விடிவதற்கு முன் வண்டி பூட்டியோ, சிறு நீராவிப் படகில் ஏற்றியோ சரக்கைக் கொண்டுவந்து அங்கே இறக்குவார். இறக்கும்போது விலை பேசுவது கிடையாது. மண்டிக்காரர் விற்றுத் தருவார்; விற்றபின் கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார். சில நாள் 'பாதி அழுகிப்போச்சு' என்ற பதிலோடு சரி. ஒட்டன்சத்திரத்திலோ கோயம்பேட்டிலோ மூட்டை இறக்கியவர்களுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை.

நகரம் வீங்கிக்கொண்டிருந்த காலம் அது. 1897-இல் கிளாண்டைக் தங்க வேட்டை தொடங்கியதும் அலாஸ்கா பக்கம் போகிறவர்கள் எல்லாம் சியாட்டிலில்தான் சாமான் கட்டினார்கள். 1900-இல் எண்பதாயிரமாக இருந்த மக்கள்தொகை பத்தே ஆண்டில் இரண்டே கால் லட்சத்தைத் தாண்டியது. அத்தனை வாய்க்கும் மண்டி வழியாகத்தான் காய் வரவேண்டும்.

தாமஸ் ரெவெல் என்ற நகர்மன்ற உறுப்பினர் ஒரு வழி கண்டுபிடித்தார். நகரம் தனக்கென்று பொதுச் சந்தை இடம் ஒதுக்கிக்கொள்ளலாம் என்று 1896-இலேயே ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். அது யாரும் தொடாமல் கிடந்தது. அதைத் தூசு தட்டி எடுத்தார். பலகை பாவிய புதுத் தெருவான பைக் பிளேஸில் விவசாயிகள் வண்டியை நிறுத்தி நேரடியாக விற்கலாம் என்று ஆகஸ்ட் மாதம் மன்றம் முடிவு செய்தது. (மதுவிலக்குக் காலத்தில் கள்ளச்சாராயப் பெரும்புள்ளி ராய் ஓல்ம்ஸ்டெட் மீது வழக்கு நடத்திய அரசு வழக்கறிஞரும் இதே ரெவெல்தான். பெரிய கைகளோடு மோதுவது அவருக்குப் பழகிப்போயிருக்க வேண்டும்.)

ஆகஸ்ட் 17, சனிக்கிழமை. மண்டிக்காரர்கள் என்ன செய்வார்களோ என்ற பயத்தில் பல விவசாயிகள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். துணிந்து வந்த வண்டிகள் பத்துப் பன்னிரண்டுக்குள்தான். வாங்க வந்தவர்களோ ஆயிரக்கணக்கில். வண்டி ஓரமாக நிற்பதற்குள்ளேயே மொய்த்துக்கொண்டார்கள். உச்சிப்பொழுதுக்கு முன்பே எல்லா வண்டியும் காலி. பின்னால் நின்றவர்கள் வெறுங்கூடையோடு திரும்பினார்கள். பயந்தவர்களுக்கு அந்த ஒரு காலை போதுமானதாக இருந்தது. ஒரே வாரத்தில் எழுபது வண்டிகள் அங்கே கூட ஆரம்பித்தன.

அந்தக் கூட்டத்தைக் கவனித்தவர்களில் ஒருவர் ஃபிராங்க் குட்வின். கிளாண்டைக் போய்ப் பணம் பார்த்து வந்தவர். தெருவை ஒட்டிய நிலங்களும் லேலண்ட் ஹோட்டலும் அவர் குடும்பத்தின் கையில் இருந்தன. மழை அதிகமான ஊரில் கூரை போட்டுக் கொடுத்தால் வாடகை கொட்டும் என்று கணக்குப் போட்டார். அதே ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி முதல் கட்டடம் திறந்தாயிற்று. இடைத்தரகரை விரட்டப் பிறந்த சந்தை மூன்றரை மாதத்தில் ஒரு ரியல் எஸ்டேட் குடும்பத்தின் கூரைக்குள் போனது என்பதைச் சந்தையின் புகழ் பாடுகிறவர்கள் மெல்லத் தாண்டிப் போவார்கள். ஆனால் குட்வின் கெட்டிக்காரர். சரிவான குன்றின்மேல் அடுக்கடுக்காக அவர் எழுப்பிய அந்தக் கட்டடங்கள்தான் சந்தையை நிலைக்கவைத்தன. 1910-இல் எழுந்த பக்கத்துக் கட்டடத்துக்கு 'சானிட்டரி மார்க்கெட்' என்று பெயர்: உள்ளே குதிரைக்கு அனுமதி இல்லை, அவ்வளவுதான் சுகாதாரம்.

'விளைவித்தவரையே சந்தியுங்கள்' என்பது இந்தச் சந்தையின் பலகை வாசகம். யார் அந்த விளைவித்தவர் என்று கேட்டால்தான் வரலாறு சூடுபிடிக்கிறது.

முதலில் இத்தாலியர்கள் வந்தார்கள். பிறகு ஜப்பானியர்கள். மரம் வெட்டும் கம்பெனிகள் மொட்டையடித்துவிட்டுப் போன நிலத்தில், ஆள் உயர அடிக்கட்டைகளைத் தோண்டியெடுத்து, ஒரு ஏக்கரைப் பண்படுத்த வருஷக்கணக்கில் பாடுபட்டவர்கள் அவர்கள். பெல்வியூவிலும் பெயின்பிரிட்ஜ் தீவிலும் ஸ்ட்ராபெர்ரி, வொயிட் ரிவர் பள்ளத்தாக்கில் கீரையும் காய்களும். இரண்டாம் உலகப் போருக்கு முன் பைக் பிளேஸில் கடை போட்ட விவசாயிகளில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினர் ஜப்பானிய வம்சாவளியினர்.

அவர்களில் பெரும்பாலோர் சொந்த நிலத்தில் உழவில்லை. ஜப்பானிலிருந்து வந்தவர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறச் சட்டம் அனுமதிக்கவில்லை; குடியுரிமை பெற முடியாதவர்கள் நிலம் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ கூடாது என்று 1921-இல் வாஷிங்டன் மாநிலம் சட்டம் போட்டது. அங்கேயே பிறந்த பிள்ளைகளின் பெயரில் வைத்துக்கொண்டார்கள். 1923-இல் அந்த ஓட்டையையும் அடைத்தார்கள். இந்தச் சட்டத்துக்காக முன்னின்று பாடுபட்டவர்களில் ஒருவர் பத்திரிகை முதலாளி மில்லர் ஃபிரீமன். பின்னர் 1946-இல் பெல்வியூ ஸ்கொயர் என்ற கடைவளாகத்தைக் கட்டியவர் அவருடைய மகன் கெம்ப்பர். மைக்ரோசாஃப்ட், அமேசான் வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் இன்று நிறைந்திருக்கும் ஊர் பெல்வியூ. ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை வார இறுதியில் கூட்டிப்போகும் அந்தக் கடைவளாகத்தின் பின்னால் இப்படி ஒரு குடும்ப வரலாறு இருக்கிறது.

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய அடுத்த வாரமே சானிட்டரி மார்க்கெட்டில் தீப்பிடித்தது. ஜப்பானியர் வைத்த தீ என்று புரளி கிளம்பியது. ஆதாரம் எதுவும் இல்லை. அந்த நேரத்தில் யாரும் ஆதாரம் கேட்கவும் இல்லை. 1942 பிப்ரவரி 19-ஆம் தேதி ஜப்பானிய வம்சாவளியினரை மேற்குக் கடற்கரையிலிருந்து வெளியேற்ற வழிசெய்த 9066-ஆம் எண் ஆணையில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். மார்ச் 30-ஆம் தேதி பெயின்பிரிட்ஜ் தீவிலிருந்து 227 பேர் படகில் ஏற்றப்பட்டார்கள். அந்த ஆணையின்படி நாட்டிலேயே முதலாவதாக வெளியேற்றப்பட்டவர்கள் அவர்கள். ஸ்ட்ராபெர்ரி பழுக்க இன்னும் இரண்டு மாதமே இருந்தது. அவர்களிடம் வேலை பார்த்த பிலிப்பினோத் தொழிலாளிகள் பல தோட்டங்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

சியாட்டில் நகரத்து ஜப்பானியக் குடும்பங்களை முதலில் அடைத்த இடம் புயல்லப் ஊரின் கண்காட்சி மைதானம். ஆண்டுதோறும் விவசாயப் பொருட்காட்சி நடக்கும் அதே மைதானம். கால்நடைகளைக் கட்டும் கொட்டடிகளிலும் அவசரத்துக்கு அடித்த பலகைக் குடிசைகளிலும் மனிதர்களை வைத்தார்கள்; 'கேம்ப் ஹார்மனி' என்று பெயரும் வைத்தார்கள். அங்கிருந்து ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாம். பெல்வியூவில் 1925 முதல் நடந்துவந்த ஸ்ட்ராபெர்ரித் திருவிழா அந்த ஆண்டு நடக்கவில்லை. பழம் பயிரிட்டவர்கள் முள்வேலிக்குள் இருந்தார்கள். போர் முடிந்தபின் பலர் திரும்பவில்லை. திரும்பியவர்களுக்கும் குத்தகை நிலம் கைமாறியிருந்தது. சந்தையின் நுழைவாயில் மேலே 1999 முதல் ஐந்து ஓவியப் பலகைகள் தொங்குகின்றன. அகி சொகாபே காகித வெட்டுக் கலையில் வடித்த அந்த ஜப்பானிய விவசாயிகளின் கதை அது. அதற்குக் கீழே நின்று மீன்கடைக்காரர்கள் மீன் தூக்கி எறியும் வேடிக்கையைப் படம் பிடிப்பவர்களில் எத்தனை பேர் தலையை நிமிர்த்துகிறார்கள் என்பது வேறு விஷயம்.

சந்தை அதன்பின் தேய்ந்தது. சூப்பர் மார்க்கெட், வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ், புறநகர், நெடுஞ்சாலை என்று எல்லா ஊருக்கும் வந்தது இங்கேயும் வந்தது. 1960-களில் நகரத் தலைவர்கள் சந்தையை இடித்துவிட்டு அடுக்குமாடியும் ஹோட்டலும் பெரிய கார் நிறுத்துமிடமும் கட்டத் திட்டம் தீட்டினார்கள். எதிர்த்து நின்றவர் விக்டர் ஸ்டெயின்புரூக், வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக் கட்டடக்கலைப் பேராசிரியர். கையில் நோட்டுப் புத்தகத்தோடு சந்தையில் உட்கார்ந்து தூண்களையும் கடைக்காரர்களையும் கோட்டோவியமாக வரைந்துகொண்டே இருந்தவர். 1964-இல் 'சந்தையின் நண்பர்கள்' என்ற அமைப்பு தொடங்கியது. கையெழுத்து வாங்கி விஷயத்தை நேரே வாக்குச்சீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

அது போயிங் கம்பெனி ஆட்களைக் கொத்துக் கொத்தாக வீட்டுக்கு அனுப்பிய நேரம். கடைசியாக ஊரைவிட்டுப் போகிறவர் விளக்கை அணைத்துவிடுங்கள் என்று 1971-இல் விமான நிலையப் பக்கம் ஒரு கேலிப் பலகையே வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் கட்டுமான வேலையும் வரிப் பணமும் தரும் திட்டம் வேண்டாம், ஒழுகும் சந்தையே போதும் என்று மக்கள் வாக்களிப்பார்கள் என்று எதிர்பார்க்கவா முடியும்? 1971 நவம்பர் 2-ஆம் தேதி வாக்களித்தார்கள். ஏழு ஏக்கர் வரலாற்றுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

கட்டடம் பிழைத்தது. விவசாயி?

இங்கே மறுபடியும் யாரும் அழைக்காத விருந்தாளிகள் வந்தார்கள். லாவோஸ் மலைகளில் அமெரிக்க உளவுத்துறைக்காகப் போரிட்டு, 1975-க்குப் பின் உயிர் தப்பித் தாய்லாந்து முகாம்கள் வழியாக வந்த மோங் அகதிகள். ஆங்கிலம் தெரியாது, தெரிந்த தொழில் விவசாயம் ஒன்றே. 1980-களில் அவர்களுக்குச் சிறு நிலங்களை ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். காய்கறியோடு தொடங்கியவர்கள் மெல்ல மலர்ச் சாகுபடிக்கு மாறினார்கள். டேலியா, பியோனி, ஸ்வீட் பீ எல்லாம் பிளாஸ்டிக் வாளிகளில் வரிசையாக நிற்க, எதிரே நிற்கும் பெண் பேசிக்கொண்டே நாலைந்து நிறம் பொறுக்கி, காம்பைச் சேர்த்துப் பிடித்து, வெள்ளைத் தாளைக் கூம்பாகச் சுற்றி நீட்டிவிடுவார். இன்று பைக் பிளேஸின் பூக்கடைகளில் பெரும்பான்மை மோங் குடும்பங்களுடையவை. அவர்கள் பயிரிடும் பள்ளத்தாக்கு நிலத்தில் அடிக்கடி வெள்ளம் புகும்; வண்டல் தங்கினால் அடுத்த போகம் நன்றாக வரும், இல்லாவிட்டால் டேலியாக் கிழங்குகளும் போய்விடும்.

சந்தையைக் காப்பாற்றி நிலத்தை விட்டுவிட்டால் என்ன பயன் என்ற கேள்வியும் எழத்தான் செய்தது. 1979-இல் கிங் கவுன்ட்டி வாக்காளர்கள் 5 கோடி டாலர் கடன் பத்திரத்துக்குச் சம்மதம் தந்தார்கள். விவசாயியிடமிருந்து நிலத்தை வாங்குவதற்கல்ல, அதில் வீடு கட்டும் உரிமையை மட்டும் விலைக்கு வாங்குவதற்கு. நிலம் அவரிடமே இருக்கும். ஆனால் இனி யார் கைக்குப் போனாலும் அதில் மனைப் பிரிவு போட முடியாது. இந்த வரலாற்றில் மிகப் புத்திசாலித்தனமான காரியம் எது என்று கேட்டால், படம் பிடிக்க எதுவுமில்லாத இந்தச் சட்ட ஏற்பாட்டைத்தான் சொல்லவேண்டும்.

இன்று ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள் என்று சந்தை சொல்கிறது. உள்ளே இரண்டு வகைக் கடைகள். பழங்களைப் படிப்படியாக உயர அடுக்கி, விளக்குப் போட்டு வைத்திருப்பவை நிரந்தரக் கடைகள். மொத்த வியாபாரியிடம் வாங்கி விற்பவை. வாழைப்பழமும் மாம்பழமும் அங்கேதான் கிடைக்கும், இரண்டும் வாஷிங்டனில் விளையாது. தாழ்வான மேசைகள் அன்றாடக் கடைகள். காலையில் சந்தை நிர்வாகி பெயர் கூப்பிட, மூப்பு வரிசைப்படி விவசாயிகளும் கைவினைஞர்களும் இடம் பிடிக்கிறார்கள், விவசாயிக்கு முன்னுரிமை. அவசரத்தில் வரும் சுற்றுலாப் பயணிக்கு மேசையின் உயரம் ஒரு பொருட்டாகவே தெரியாது.

அதனாலோ என்னவோ, 1993-இல் பல்கலைக்கழக வட்டாரத்தில் கிறிஸ் கர்ட்டிஸ் என்பவர் ஒரு சனிக்கிழமைச் சந்தையைத் தொடங்கினார். விதி ஒன்றே: வாங்கி விற்கக்கூடாது, விளைவித்தவரே வரவேண்டும். அது பரவி இப்போது பேட்டைக்குப் பேட்டை சந்தை. ஞாயிற்றுக்கிழமை பாலர்டில் தெருவையே மறித்துப் போடுகிறார்கள். ஜூன் கடைசியில் கிழக்கு மலைத்தொடரைத் தாண்டி ரெய்னியர் செர்ரி வரும். மஞ்சளில் சிவப்புப் படர்ந்த இந்தப் பழம் 1952-இல் அதே மாநிலத்தின் பிராசர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. ஆகஸ்ட் என்றால் யாக்கிமா பீச்.

விலை மட்டும் பல நேரம் சூப்பர் மார்க்கெட்டைவிடக் கூடுதல். மளிகைச் செலவைக் குறைப்பதற்காக ஒரு காலத்தில் போராடிப் பெற்ற இவ்வகைச் சந்தை, வசதியுள்ளவர்களின் வார இறுதி உலாவாக மாறிவிட்டது என்ற குறை நியாயமானது. அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்ட, சியாட்டில் நகராட்சி 2012-இல் 'ஃபிரெஷ் பக்ஸ்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அது தொடங்கிய காலத்தில், அரசின் உணவு உதவி அட்டை வைத்திருந்தவர் சந்தையின் தகவல் கூடாரத்தில் அட்டையைத் தேய்த்தால், எடுத்த தொகையோடு காய்கனி வாங்குவதற்கென்று கூடுதல் தொகையும் சேர்த்துத் தந்தார்கள். அதை எந்தக் காய்கனி விவசாயியின் மேசையிலும் நீட்ட முடிந்தது; அவருக்கு முழுப் பணமும் வந்து சேர்ந்தது.