கெடு இல்லாத கடமை

வாடகை வீட்டின் கட்டமைப்பு, குடிநீர், மின்சாரம், வெப்பமூட்டும் சாதனங்கள் ஆகியவற்றைப் பழுதுநீக்குவது உரிமையாளரின் கடமை என்று இங்கிலாந்தின் 1985ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. எத்தனை நாள்களுக்குள் என்பதை அது வரையறுக்கவில்லை. தாமதித்தால் உரிமையாளருக்குச் செலவு மிச்சம், வாடகையும் வந்துகொண்டிருக்கும். இழப்பு முழுவதும் குடியிருப்பவரைச் சேரும்.

அந்த இழப்பு 2020 டிசம்பரில் ஓர் உயிராகவே அமைந்தது. ரோச்டேல் நகரின் சமூக வீட்டுவசதிக் குடியிருப்பில் படர்ந்த பூஞ்சையால் அவாப் இஷாக் என்ற 2 வயதுக் குழந்தை இறந்தது. தந்தை 2017ஆம் ஆண்டிலேயே புகார் அளித்திருந்தார்.

அக்குழந்தையின் பெயரால் அமைந்த 'அவாப் சட்டம்', 2025 அக்டோபர் 27 முதல் சமூக வீட்டுவசதிக் குடியிருப்புகளுக்கு நடைமுறையில் உள்ளது. அவசர ஆபத்துகளை 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும். கடுமையான ஈரக்கசிவையும் பூஞ்சையையும் 10 வேலைநாள்களுக்குள் ஆய்வுசெய்து, ஆய்வு முடிந்த 5 வேலைநாள்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பானதாக்க வேண்டும். இயலாவிடில், உரிமையாளர் தம் செலவில் மாற்றுத் தங்குமிடம் அளிக்க வேண்டும்.

தவறினால், உரிமையாளரிடம் முறைப்படி புகார் செய்து, தீர்வு கிட்டாதபோது வீட்டுவசதிக் குறைதீர்ப்பாளரை அணுகலாம், நீதிமன்றமும் செல்லலாம். தேதியிட்ட புகார் நகலும் புகைப்படங்களும் அங்கே சான்றாகும்.

தனியார் வாடகை வீடுகளுக்கும் இக்கெடுவை விரிவுபடுத்த 2025ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைகள் சட்டம் வழிவகுத்துள்ளது. அதை நிறைவேற்றுவதிலாவது தாமதம் கூடாது.