பராமரிப்பு இல்ல விழுமியங்கள் (இங்கிலாந்து)

முதியோரும் பிறரும் தங்கிப் பராமரிப்புப் பெறும் இல்லங்களின் தரத்தை மதிப்பிட இங்கிலாந்தில் உருவான அடிப்படை நெறிகள். 1984இல் வெளிவந்த ‘ஹோம் லைஃப்’ என்னும் நடைமுறை நெறிக் கையேடு இவற்றுக்கு வித்திட்டது. 1989இல் சுகாதாரத் துறையின் சமூக சேவை ஆய்வுப் பிரிவு ‘ஹோம்ஸ் ஆர் ஃபார் லிவிங் இன்’ என்ற வெளியீட்டில் ஆறு விழுமியங்களை வகுத்தது: அந்தரங்கம், கண்ணியம், தற்சார்பு, விருப்பத் தேர்வு, உரிமைகள், மனநிறைவு.

கதவைத் தட்டி, அனுமதி கிடைத்த பிறகே அறைக்குள் நுழைவது அந்தரங்கம். இல்லத்தில் தங்கியிருப்பவரை அவர் விரும்பும் பெயரால் அழைப்பது கண்ணியம். நேரம் பிடித்தாலும் சட்டைப் பொத்தானை அவரையே போட்டுக்கொள்ள விடுவது தற்சார்பு. எப்போது எழுவது, என்ன சாப்பிடுவது என்பவை விருப்பத் தேர்வு. வாக்களிப்பதும் புகார் சொல்வதும் உரிமைகள். வழிபாட்டையும் பிடித்த பொழுதுபோக்கையும் விடாமல் தொடர்வது மனநிறைவு.

இவை பாதுகாப்போடு மோதுவதுண்டு. விழுந்துவிடுவார் என்று அஞ்சித் தனியே நடக்கவிடாமல் தடுத்தால் தற்சார்பு போய்விடும். ஆபத்தை மதிப்பிட்டு, அவருடன் பேசி முடிவெடுத்து, அதைப் பராமரிப்புத் திட்டத்தில் பதிவதே முறை.

2000ஆம் ஆண்டின் பராமரிப்புத் தரச் சட்டம் தேசியக் குறைந்தபட்சத் தரங்களுக்கு வழிசெய்தது. 2009 முதல் இல்லங்களைக் கண்காணிக்கும் பொறுப்பு கேர் குவாலிட்டி கமிஷனிடம் உள்ளது.