வைசியாள் வீதி

புதுச்சேரியின் தமிழர் பகுதியில், மிஷன் வீதிக்கும் மகாத்மா காந்தி சாலைக்கும் இடையே கிழக்கு மேற்காக ஓடும் பழைய குடியிருப்புத் தெரு. கல்வே சுப்பராய செட்டி வீதி என்றும் பெயருண்டு. ஆனால் ஊர்க்காரர்கள் வழி சொல்லும்போது வைசியாள் வீதி என்றுதான் சொல்வார்கள். வணிகச் செட்டியார்கள் குடியிருந்ததால் வந்த பெயர் அது. பாரதியார் வாழ்ந்த ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதி இங்கிருந்து நடை தூரம்.

புதுச்சேரியின் நேர்கோட்டுத் தெருக்களைப் பிரெஞ்சுக்காரர்களின் கைவண்ணமாகச் சொல்வது வழக்கம். அந்தப் பெருமையில் பெரும்பங்கு டச்சுக்காரர்களுக்குச் சேர வேண்டும். 1693இல் ஊரைப் பிடித்து 1699வரை வைத்திருந்த அவர்கள்தான் சதுரங்கக் கட்டம்போல் தெருக்களை வரைந்தார்கள். 1761இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். 1765க்குப் பிறகு ஊர் பழைய கோடுகளின்மேலேயே மறுபடி எழுந்தது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே ஐரோப்பியர், மேற்கே தமிழர். மேற்கில் சாதிக்கும் தொழிலுக்கும் ஏற்பத் தெருக்கள்.

இத்தெரு வீடுகளைப் புரிந்துகொள்ள வாசலில் தொடங்க வேண்டும். முதலில் தாழ்வாரம்: மரத்தூண்கள் தாங்கும் சாய்ந்த ஓட்டுக்கூரை, தெருவோரமாகவே நீளும். வெயிலுக்கும் மழைக்கும் வழிப்போக்கர் யாரும் அதன்கீழ் ஒதுங்கலாம். அடுத்தது திண்ணை, அது வீட்டைத் தேடி வந்தவருக்கு. பிறகு செதுக்கிய தேக்குக் கதவு, நடை, முற்றம். அண்டை வீட்டோடு சுவர் ஒட்டியிருப்பதால் தாழ்வாரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து தெருவுக்கே ஒரு நிழல்பாதையாக அமைந்தன. பிரெஞ்சுப் பாணி மாடியில்தான் தலைகாட்டியது. கீழ்த்தளம் முழுக்கத் தமிழ். மேலே வளைவு சன்னல்கள், சுவரொட்டிய தூண்கள், கைப்பிடிச் சுவர். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையிலும் இந்தக் கலப்பைப் பார்க்கலாம்.

கூரை பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டங்களின்மேல் சிறு செங்கற்களைக் குத்துக்கல்லாக மூலைவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் இறுக்குவார்கள். மழைநீர் கசிந்து சட்டத்தின் ஒரு முனை உளுத்துவிட்டால் போதும், கூரையே இறங்கிவிடும். அதைச் சரிசெய்யத் தெரிந்த கொத்தனார்கள் அருகிவந்த காலத்தில் சிமெண்ட் மலிவாகக் கிடைத்தது. பாகப்பிரிவினையில் பங்காளிகள் பெருகினர், மனை விலையும் ஏறியது. முற்றத்தை மூடினார்கள், தாழ்வாரத்தை இடித்துக் கடையோ ஷட்டரோ போட்டார்கள். பல வீடுகள் முழுதாகவே போயின. பயணிகளின் கண்ணும் பணமும் வாய்க்காலுக்குக் கிழக்கே மஞ்சள் சுவர்களிலேயே நின்றுவிட்டதால் தமிழர் பகுதியின் இழப்பு நெடுநாள் யாரையும் உறுத்தவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டம் 2002இல் புதுச்சேரிக்கு வந்தது. இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ்-சுர்-லோ ஆகிய இரு நகரங்கள் இதில் கூட்டாளிகள். மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளை வேலையை முன்னின்று நடத்தியது. ஒற்றை மாளிகையைப் புதுப்பிப்பதைவிட ஒரு தெருவையே மாதிரியாகக் காட்டுவது என்று முடிவானது. அதற்கு அமைந்தது வைசியாள் வீதி. 2004வரை நடந்த பணியில் சுமார் 20 வீடுகளின் முகப்புகள் சீரடைந்தன. மரத்தூண்களும் நாட்டு ஓடுகளும் திரும்பின. வீடுகள் தனியாருடையவை என்பதால் ஒவ்வொரு வாசலிலும் பேசிச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. என் கணிப்பில், கட்டட வேலையைவிடக் கடினமானது இதுதான்: காற்றும் மழையும் அடிக்கும் தாழ்வாரத்துக்காகத் தன் மனையில் ஐந்தடியை விட்டுக்கொடு என்று எவரிடமும் எளிதாகக் கேட்டுவிட முடியாது.

2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் இத்தெருவும் இடம்பெற்றது. பழைய செட்டியார் வீடொன்று தங்கும் விடுதியானது. தமிழர் பகுதியிலும் இரவு தங்கப் பயணிகள் வரத் தொடங்கினர்.

புதுப்பித்தது முகப்பை மட்டும்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். கதவுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது வீட்டுக்காரர் விருப்பம். 2014 நவம்பரில் கடற்கரைச் சாலையின் மேரி எனப்படும் பழைய நகராட்சிக் கட்டடமே மழையில் இடிந்து விழுந்தது. அரசுக் கட்டடத்துக்கே அந்த நிலை என்றால் தனியார் வீட்டுக்குச் சொல்லவே வேண்டாம். வைசியாள் வீதியில் தாழ்வாரத் தூண்கள் நிற்கின்றன. வழிப்போக்கர் ஒதுங்கிய இடத்தில் இப்போது பெரும்பாலும் ஸ்கூட்டர்கள் ஒதுங்குகின்றன.