லூசெர்ன்... செல்ஃபி எடுத்துட்டு கிளம்பிடாதீங்க! ஏரிக்கரை நகரத்தில் என்னவெல்லாம் பார்க்கலாம்?

ஐரோப்பா டூர் பேக்கேஜ்களில் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரத்துக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரம்தான் ஒதுக்குவார்கள். மரப்பாலத்தில் ஒரு செல்ஃபி, சிங்கச் சிலை முன்பு ஒரு குரூப் போட்டோ, வாட்ச் கடையில் ஒரு ரவுண்டு. 'எல்லாரும் வந்தாச்சா?' என்று தலையை எண்ணிவிட்டு பஸ் கிளம்பிவிடும். லட்சங்களைச் செலவழித்து அவ்வளவு தூரம் போய், அந்த ஊரின் கதையைத் தெரிந்துகொள்ளாமலே திரும்பினால் எப்படி? லூசெர்னுக்கு இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் என்னவெல்லாம் பார்க்கலாம் என்று சொல்கிறோம்.

எரிந்துபோன பாலம்

ஏரியிலிருந்து ரோய்ஸ் நதி வெளியேறும் இடத்தில், நதியைச் சாய்வாகக் கடக்கிறது கபெல் பாலம். மேலே கூரை போட்ட மரப்பாலம் இது. 14-ம் நூற்றாண்டில் நகரத்தின் பாதுகாப்பு அரணாகக் கட்டப்பட்டது. பக்கத்தில் தண்ணீருக்குள் நிற்கும் எண்கோணக் கோபுரம் பாலத்தைவிடப் பழையது. சிறை, சித்திரவதைக்கூடம், கருவூலம், ஆவணக் காப்பகம் என்று எல்லா வேலையும் பார்த்திருக்கிறது.

பாலத்தில் நடக்கும்போது அவசியம் நிமிர்ந்து பாருங்கள். கூரைக்குக் கீழே முக்கோண வடிவப் பலகைகளில் 17-ம் நூற்றாண்டு ஓவியங்கள் இருக்கும். சுவிஸ் வரலாறும், நகரத்தின் காவல் புனிதர்களின் வாழ்க்கையும்தான் கதை. கொஞ்ச தூரம் போனதும் ஓவியங்கள் இல்லாத இடங்கள் வரும். 1993 ஆகஸ்ட் 18 அதிகாலையில் பாலம் தீப்பிடித்து எரிந்ததன் அடையாளம் அது. அணையாத சிகரெட் துண்டு என்று பரவலாகச் சொல்லப்பட்டாலும், காரணம் கடைசிவரை உறுதியாகவில்லை. பாலத்திலிருந்த ஓவியங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. கோபுரம் தப்பியது.

எட்டே மாதங்களில், 1994 ஏப்ரலில் பாலத்தை மறுபடியும் திறந்துவிட்டார்கள். பாலத்தைத் திரும்பக் கட்ட முடிந்தது, ஓவியங்களைத் திரும்ப வரவைக்க முடியவில்லை. எரிந்தவற்றுக்கு நகல் செய்து மாட்டலாம் என்ற யோசனை வந்தபோது, நகர நிர்வாகம் அதை ஏற்கவில்லை. அந்த வெற்றிடமும் இப்போது பாலத்தின் வரலாறுதான்.

பதர் கொட்டிய பாலம்

கூட்டமெல்லாம் கபெல் பாலத்தோடு திரும்பிவிடும். நதியோரமாகச் சில நிமிடங்கள் நடந்தால் ஸ்ப்ராயர் பாலம். தானியப் பதரை நதியில் கொட்ட இங்கே மட்டும்தான் அனுமதி இருந்ததாம், பெயரே அதிலிருந்து வந்ததுதான். இதன் கூரை ஓவியங்களில் எலும்புக்கூடு வடிவில் மரணம் வந்து ராஜா, பாதிரியார், வியாபாரி என எல்லோரையும் கைப்பிடித்து அழைத்துப் போகிறது. பணக்காரன், ஏழை என்ற பாகுபாடே கிடையாது!

பக்கத்திலேயே ஒரு தடுப்பணை. 19-ம் நூற்றாண்டில் கட்டியது. நீளமான மரக்கட்டைகளைக் கையால் செருகியும் உருவியும்தான் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள்.

பாறைக்குள் சாகும் சிங்கம்

1792 ஆகஸ்ட் 10. பாரிஸில் பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் டூலரி அரண்மனையைத் தாக்கினார்கள். அரசரைக் காக்கும் வேலையிலிருந்த சுவிஸ் கூலிப்படையினர் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். விடுப்பில் ஊருக்கு வந்ததால் உயிர் தப்பிய ஓர் அதிகாரியின் முயற்சியில் உருவானதுதான் இந்த நினைவுச்சின்னம். டென்மார்க் சிற்பி தோர்வால்ட்சன் வடிவமைக்க, 1821-ல் பாறையிலேயே செதுக்கி முடித்தார்கள். சுமார் 10 மீட்டர் நீளம்.

போட்டோ எடுக்கும் முன் சிங்கத்தின் முகத்தைக் கவனியுங்கள். உடம்பில் உடைந்த ஈட்டி. பாதம் பிரெஞ்சு அரச முத்திரை பொறித்த கேடயத்தின் மேல். வேறொரு நாட்டு ராஜாவுக்காகச் சம்பளத்துக்குப் போய் உயிரை விட்டவர்களின் நினைவு இது. பார்க்கக் கட்டணம் கிடையாது.

ஒரு நிமிடம் முந்தும் கடிகாரம்

பழைய நகரத்துக்குப் பின்னால் சுமார் 870 மீட்டர் நீளத்துக்கு நிற்கிறது மூசெக் கோட்டைச்சுவர். மொத்தம் ஒன்பது கோபுரங்கள். கோடைக்காலத்தில் சிலவற்றில் இலவசமாக ஏறலாம். மேலேயிருந்து ஊரும் ஏரியும் மலையும் மொத்தமாகத் தெரியும். கடிகாரக் கோபுரத்தில் இருக்கும் 1535-ம் ஆண்டுக் கடிகாரத்துக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. ஊரின் மற்ற கடிகாரங்களைவிட ஒரு நிமிடம் முன்னதாகவே மணி அடிக்கும். படிகள் செங்குத்து என்பதால் மூட்டுவலி உள்ளவர்கள் கீழேயே இருந்துவிடுவது நல்லது.

இரண்டாவது நாள்: ஏரியும் மலையும்

* பிலாட்டஸ் (2,128 மீட்டர்): ஏரியில் கப்பலில் ஆல்ப்நாக்ஷ்டாட் போய், அங்கிருந்து பல்சக்கர ரயிலில் ஏறலாம். 1889 முதல் ஓடும் இந்த ரயில்தான் உலகிலேயே மிகச் செங்குத்தான பல்சக்கர ரயில், சரிவு அதிகபட்சம் 48 சதவிகிதம். இறங்கும்போது கேபிள் காரில் கிரியன்ஸ் வந்து, பஸ் பிடித்தால் லூசெர்ன். குளிர்காலத்தில் ரயில் ஓடாது.
* ரிகி (1,798 மீட்டர்): கப்பலில் விட்ஸ்னாவ் போய் ரயில் ஏற வேண்டும். ஐரோப்பாவின் முதல் மலை ரயில், 1871-ல் தொடங்கியது. வயதானவர்கள், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுதான் சௌகரியம்.
* நேரம் இல்லையா? பழைய நீராவிக் கப்பல்கள் இன்னும் ஏரியில் ஓடுகின்றன. ஒரு மணி நேரம் போய்வந்தாலே போதும்.

கிளம்பும் முன்...

* ஷெங்கன் விசா போதும். ஆனால் நாணயம் யூரோ இல்லை, சுவிஸ் ஃபிராங்க்.
* ஜூரிச்சிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவுதான். ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்தாலே ஏரி. நேராக நிற்கும் பழைய வளைவு, 1971-ல் தீயில் எரிந்த முந்தைய ஸ்டேஷனின் மிச்சம்.
* ஊரில் தங்கினால், நகரப் பேருந்துகளில் இலவசமாகப் பயணிக்க விசிட்டர் கார்டு தருவார்கள். ஹோட்டலில் கேட்டு வாங்குங்கள்.
* 'ஸ்விஸ் டிராவல் பாஸ்' இருந்தால் ஏரிக் கப்பலுக்குத் தனி டிக்கெட் வேண்டாம்.
* தண்ணீர் பாட்டிலுக்குக் காசைக் கொட்டாதீர்கள். தெருவோர நீரூற்றுத் தண்ணீரையே குடிக்கலாம்.
* ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அவசரத்துக்கு ஸ்டேஷன் கடைகள் உண்டு.

பேக்கேஜில்தான் போகிறோம், இரண்டு நாளெல்லாம் முடியாது என்கிறீர்களா? பரவாயில்லை. கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் வாட்ச் கடையை மட்டும் விட்டுவிட்டு, கபெல் பாலத்தை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை மெதுவாக நடந்து கடந்துவிடுங்கள். மேலே பார்த்துக்கொண்டே!